முதுகில்லாதவள்

டப்பாவ அந்த முனையில லேசாப் பிடிச்சுக்கிறியாம்மா? ஆங், அப்பிடித்தான். நேரா இருக்கணும், சாஞ்சிரக் கூடாது. உள்ள கிராபிக்ஸ் கார்டுன்னு ஒண்ணு செங்கல் கனத்துல குறுக்க நிக்குது. இந்த பஸ்ஸு குலுங்குற குலுக்குல அது அசைஞ்சிருச்சுன்னா பட்ட பாடெல்லாம் வீணு. மேல தூக்கிப் போடுங்கன்னான் கண்டக்டரு. மேல போட்டா ஒரு ஸ்பீட் பிரேக்கருக்குத் தாங்குமா? லக்கேஜுக்கு டிக்கெட் வேணும்னா கிழிச்சுக்கோ, மடிய விட்டு எறக்க மாட்டேன்னுட்டேன்.

எந்த ஊரும்மா நீ? ராஜபாளையமா. அப்ப எனக்கு அப்புறம்தான் எறங்குவ, நல்லதாப் போச்சு. நான் சீவில்லிபுத்தூரு. பேரு சுகந்தி.

டிவி இல்லம்மா, கம்ப்யூட்டரு. எங்க வீட்டுக்காரரு வீட்டுக்கு பிளான் போடுறவரு. ஞானகுரு இன்ஜினியர்னா எங்க ஊருல தெரியும். படிச்சது டிப்ளமாதான். ஊரு இன்ஜினியர்னு கூப்பிடுது, நாம ஏன் கெடுக்கணும்? அவுக பிளான் போடுவாக, நான் பக்கத்துல உக்காந்து எலிவேஷனுக்குக் கலர் குடுப்பேன். அதாம்மா, வீட்டோட முன்பக்கத்துப் படம். செவுத்துக்கு என்ன கலரு, வாசல்ல என்ன மரம், போர்டிகோவுல என்ன காரு, எல்லாம் நான் வைக்கிறதுதான். சைக்கிள் கூட இல்லாத ஆளுக்கும் படத்துல ஒரு வெள்ளைக் கார நிறுத்திருவேன். அதப் பாத்ததும் அந்த மனுசன் மூஞ்சி மலரும் பாரு! வீடு கட்டி முடிக்கிற வரைக்கும் அந்தக் காருதான் அவருக்கு ஓடும்.

இன்னிக்கு அவுகளுக்கு சைட்ல தளம் போடுற நாளு. கான்கிரீட்டு போடுற அன்னிக்கு நகர முடியாது. நானே போறேன்னு கெளம்பிட்டேன். பொம்பளை போயி கம்ப்யூட்டர் வாங்குறதான்னு எங்க மாமியா மோவாயத் தோள்ல இடிச்சாக. இடிச்சுட்டுப் போகட்டும். நான் ஒரு மழைக்காலம் முழுக்க வீடியோ பாத்து வீடியோ பாத்து இதுக்குன்னே படிச்சிருக்கேன். கேளு, சொல்றேன். உனக்கும் ஒரு நாள் ஆகும்.

கையில இருக்குறது கொஞ்சம்னா எல்லாத்தையும் பெருசா வாங்க முடியாது. எது நமக்கு வேலை செய்யுதோ அதுக்குக் குடுக்கணும். பிளான் வரையிறதுக்கு பிராசசரு ஒத்தையா வேகமா ஓடுனாப் போதும். அதையே போட்டோ மாதிரி படமாக்கணும்னா நாலஞ்சு கை சேந்து வேலை செய்யணும், அதுக்கு கோர் நெறையா வேணும். நாங்க ரெண்டும் செய்யிறமா, நடுத்தரமா ஒண்ணு எடுத்தேன். கிராபிக்ஸ் கார்டு பழசு மலிவாக் கெடைக்குதுன்னான் ஒருத்தன். ராத்திரி பகலா எவன்கிட்டயோ வெந்து சுண்டுனதத் தொடச்சு விக்கிறது அது. நமக்கு வேணாம். பவர் சப்ளையில மட்டும் கஞ்சத்தனம் பண்ணக்கூடாது. யானைய வாங்கிட்டு அங்குசத்துக்குக் கணக்குப் பாத்த கதையாப் போயிரும். கேபினட்டு, அதான் வெளிப்பொட்டி, வெறுந் தகரம் போதும். மொதல்ல நான் கண்ணாடி வச்சு உள்ள செவப்பும் நீலமுமா லைட் எரியுமே, அதுதான் வேணும்னு நெனச்சிருந்தேன். ஆசைதான். கடைசியில அத வேணாம்னுட்டேன். ஏன்னு சொல்றேன்.

ராம்தான் முக்கியம். எனக்கு ராம்தான் முக்கியம். கம்ப்யூட்டரு ஒரே நேரத்துல எல்லாத்தையும் விரிச்சு வச்சுக்கிற எடம் அது. ஏன் தெரியுமா? பழைய கம்ப்யூட்டர்ல நான் நிக்கிறதுக்கு எடமில்ல.

சிரிக்காத. உண்மையத்தான் சொல்றேன்.

நான் ரெண்டாந்தாரம்மா. செவ்வாய் தோசம், அது இதுன்னு முப்பது தாண்டிருச்சு எனக்கு. இவுகளுக்கு மொதத் தாரம் மஞ்சக்காமாலையில போயிச் சேந்துட்டா. கோமதின்னு பேரு, சங்கரன்கோவில்க்காரி. பிள்ளை குட்டி இல்ல. நல்ல மனுசன், சொந்த வீடு இருக்குன்னு கட்டிக் குடுத்துட்டாக. எனக்கு அவ மேல ஒரு கோவமும் கெடையாது, மொதல்லயே சொல்லிர்றேன். செத்துப் போனவ மேல என்ன கோவம்?

எங்க பக்கத்துல ஒரு வழக்கம் உண்டு. சுமங்கலியாப் போனவ வீட்டுக்குத் தெய்வம். ரெண்டாவதா வந்தவ புதுசா எது வாங்குனாலும் மொதல்ல மூத்தாளுக்குப் படைக்கணும். புதுச் சீலை எடுத்தா மடிப்புக் கலையாம அவ படத்துக்கு முன்னால வச்சு, பூ வச்சு, சூடம் காட்டி, "அக்கா, நீ கட்டிட்டுக் குடு"ன்னு கேக்கணும். பெறகுதான் நாம கட்டலாம். நான் கட்டுன சீலை அம்புட்டும் அவ கட்டுனதுதான். மிக்சி, கிரைண்டரு, ஒரு செருப்பு... செருப்பு இல்ல, செருப்பு வைக்கக் கூடாது. மத்ததெல்லாம் வச்சிருக்கேன். ஒண்ணும் முறை தப்பல. எனக்கும் வயித்துல ஒண்ணும் தங்கல. மூத்தா மனசு குளிரலன்னாக. அதுக்கும் படைச்சேன்.

அது பூசையறையில. அதோட போயிருந்தா பரவால்ல.

கல்யாணமாகி வந்த புதுசுல அவுக கம்ப்யூட்டருக்கு முன்னால மொதத் தடவை உக்காந்தேன். ஒரு வீட்டுப் படம். வாசப்படியில ஒரு பொண்ணு நிக்குது. மாம்பழக் கலர்ல சீலை, ஒரு கை இடுப்புல, தலைய லேசாச் சாச்சு நம்மளப் பாக்குது. யாருங்க இதுன்னேன். கோமதின்னாக. கதவு எத்தனை உசரம்னு பாக்குறவனுக்குத் தெரியணும்ல, அதுக்கு ஆள் நிறுத்துறதுன்னாக. சரி, மறக்க முடியாம வச்சிருக்காகன்னு நெனச்சுக்கிட்டேன். எனக்கு அழுகை கூட வந்துச்சும்மா. நம்ம புருசன் இம்புட்டுப் பாசக்காரரான்னு.

அடுத்த வீட்டுப் படம் வந்துச்சு. அதுலயும் நிக்கிறா. அதுக்கடுத்ததுலயும் நிக்கிறா. மில்லு சூப்பர்வைசர் வீட்டு வாசல்ல நிக்கிறா, மருந்துக்கடைக்காரர் மாடியில நிக்கிறா. அதே சீலை, அதே சிரிப்பு. படத்துல நிக்கிறது செத்துப் போன பொண்டாட்டின்னு எங்க ஊரு ஜனத்துக்குத் தெரியாது. ஞானகுரு படத்துல ஒரு மகாலட்சுமி நிக்குது, அது நின்னா வீடு தடையில்லாம முடியுதுன்னு ஒரு பேச்சு. ஒரு வீட்டுல வாசக்கால் வைக்கிற அன்னிக்கு, பிளான் பேப்பருக்கு மஞ்சள் குங்குமம் வைப்பாகல்ல, அந்த வீட்டம்மா தெரிஞ்சு வச்சுச்சோ தெரியாம வச்சுச்சோ, சரியா இவ நெத்தியில வச்சிருச்சு. நான் பக்கத்துல பூத்தட்டோட நின்னேன்.

ஒரு நாள் நான் அழிச்சுப் பாத்தேன். சும்மா ஒரு படத்துலதான். அவ நின்ன எடத்துல ஒரு செவ்வரளிச் செடிய வச்சேன். அழகாத்தான் இருந்துச்சு. ரெண்டு நாள் கழிச்சு அடுத்த வீட்டு பிளானத் தொறந்தா, வாசப்படியில இடுப்புல கை வச்சு நிக்கிறா. அவுகள்ட்ட கேட்டா, "எங்க வெறும் பேப்பர்ல இருந்து ஆரம்பிக்கிறேன்? பழைய வீட்டத் தொறந்து, செவுத்த அழிச்சு, புதுச் செவுத்தப் போட்டு, வேற பேர்ல சேவ் பண்றேன். அதுல வந்திருக்கும்"னாக. அது எங்களுக்கு வாடிக்கையான வேலைதாம்மா. எல்லா வீடும் ஒரு வீட்டுல இருந்து வந்ததுதான். ஆனா எதுக்கு அவ இருக்குற வீடாப் பாத்து எடுக்கணும்? மனசுல இல்லாமலா?

இதுல இன்னொரு கூத்து இருக்கு. அடுப்பு மேடை. கோமதி குள்ளம். எங்க வீட்டு அடுப்படிய அவளுக்குன்னு கட்டுனது, மேடை தாழ்வா இருக்கும். நான் எந்திரிச்சு நின்னா நீ பாக்கணும், எங்க அப்பா மாதிரி நெடுநெடுன்னு இருப்பேன். வந்த நாள்ல இருந்து குனிஞ்சே சமைக்கிறேன். வெங்காயம் வெட்டி முடிக்கிறதுக்குள்ள முதுகு தனியாக் கழண்டு விழுகுற மாதிரி இருக்கும். மேடைய ஒசத்துங்க, ஒசத்துங்கன்னு கேட்டுக் கேட்டு வாய் வலிச்சுப் போச்சு. பாப்போம், பாப்போம். ஊருக்கெல்லாம் வீடு கட்டுற ஆளுக்குச் சொந்த வீட்டுல ஒரு கல்லு ஒசத்த நேரமில்ல. அதுவும் எங்க வீட்டோட போகலம்மா. பழைய வீட்டத் தொறந்துதான புது வீடு? அடுப்படியும் அப்பிடியே போயிருச்சு. சீவில்லிபுத்தூர்ல பாதிப் பொம்பளைக குனிஞ்சுதான் சமைக்கிறாக, இவ உசரத்துக்கு. எவளுக்கும் ஏன்னு தெரியாது. எனக்குத் தெரியும்.

நான் விட்டேனா? சண்டை போட்டேன். ஒரு பொங்கலுக்கு மூணு வேளை சமைக்கல. கடைசியில, "சரி, நம்ம அடுப்படியத் திருப்பி வரையிறேன், உன்னையவே நிப்பாட்டி வரையிறேன், போதுமா"ன்னாக. எனக்கு வந்த சந்தோசத்த என்னன்னு சொல்றது! கத்திரிப்பூக் கலர் பட்டெடுத்துக் கட்டிக்கிட்டு வெள்ளைச் செவுத்துல சாஞ்சு நின்னேன். அவுக போன்ல போட்டோ எடுத்தாக. சுத்தி உள்ளத வெட்டிட்டு என்னைய மட்டும் எடுத்து அடுப்படிக்குள்ள வச்சாக. டபக்குன்னு தொங்கிருச்சு கம்ப்யூட்டரு, அசையாம நின்னுருச்சு. அணைச்சுப் போட்டு மறுபடி வச்சாக. தொங்கிருச்சு. எத்தனை தடவை வச்சாலும் என்னைய வச்சதும் வெள்ளையாப் போயிருது ஸ்கிரீனு. மரம் வச்சா நிக்குது, காரு வச்சா நிக்குது, அவ அசையாம நிக்கிறா. என்னைய மட்டும் ஏத்துக்கிற மாட்டேங்குது.

எங்க மாமியா என்ன சொன்னாக தெரியுமா? "மூத்தாகிட்டக் கேக்காம நின்னா எப்படித்தா விடுவா?"

அன்னிக்கு எனக்குப் பயம் வந்துச்சும்மா. நெசமாவே பயந்தேன். சாயங்காலமானா அந்த ரூமுக்குத் தனியாப் போக மாட்டேன். பெறகுதான் கோவம் வந்துச்சு. அப்பத்தான் வீடியோ பாக்க ஆரம்பிச்சேன். அவ போட்டோ அந்தக் காலத்துச் சின்னக் கேமராவுல எடுத்தது, அளவு கொஞ்சூண்டு. என்னோடது இந்தக் காலத்துப் போன்ல எடுத்தது, கனம். பழைய கம்ப்யூட்டருக்கு ராம் பத்தல. அம்புட்டுத்தான்! பேயுமில்ல பிசாசுமில்ல. புதுசா வாங்குங்க, நல்ல ராமாப் போடுங்கன்னு நின்னேன். அவுகளுக்கும் நெருக்கடிதான். எவனோ ஒரு சின்னப் பய வீட்டப் போன்லயே சுத்திச் சுத்திக் காட்டுறானாம், வீடு கட்டுறவங்க எல்லாம் அங்க போறாங்க. சரின்னுட்டாக. பழைய பொட்டியில இருந்த ஹார்ட் டிஸ்கக் கழட்டி ஒரு துண்டுல சுத்திக் குடுத்து, வேலை எல்லாம் இதுலதான் இருக்கு, கடையில புதுசுக்கு மாத்தித் தரச் சொல்லுன்னாக.

மனசுக்குள்ள நான் என்ன நெனச்சேன்னா, வீட்டு பிளான் எல்லாம் வரட்டும், அவ மட்டும் வரக்கூடாது. புதுப் பொட்டியில நான் ஒருத்திதான் நிக்கணும். ஒரு எடமாச்சும் எனக்குன்னு வேணாமா? நீயே சொல்லு.

கடைக்காரரு சிக்கந்தர் பாய்னு ஒருத்தரு. தங்கமான மனுசன். டீ வாங்கிக் குடுத்து உக்கார வச்சு ஒவ்வொண்ணா மாட்டுனாரு. டிஸ்கச் செருகுனா டிக்கு டிக்குன்னு பல்லி மாதிரி சத்தம். "அக்கா, இது போற கட்டை. வேணும்ங்கிறத இன்னிக்கே எடுத்துரணும்"னாரு. பிளானெல்லாம் புதுசுல ஏத்திட்டு, "பெரிய பைல் ஒண்ணத் தொறந்து ஓட்டிக் காட்டுறேன், எந்த வீடு வேணும்?"னாரு. எங்க வீட்டத் தொறங்கன்னேன்.

அம்மாடி! என்னா வேகங்கிற! வாசலத் தாண்டி, ஹாலத் தாண்டி, நடந்து போற மாதிரியே போகுது. பழசுல ஒரு தடவை திருப்புனா ஒரு காப்பி குடிச்சிட்டு வரலாம். இதுல தண்ணி மாதிரி வழுக்கிட்டுப் போகுது. அடுப்படிக்குள்ள போனாரு பாய். அடுப்பு மேடைகிட்ட அவ நிக்கிறா. பாய் அந்தப் பக்கமாப் போனாரு.

அவ திரும்புனா.

ஆமாம்மா, திரும்பி எங்களப் பாத்தா. பாய் இந்தப் பக்கம் வந்தாரு, இந்தப் பக்கம் திரும்புனா. மேடையச் சுத்திப் பின்னால போனாரு. பின்னால போனா முதுகுதான தெரியணும்? மொகந்தான் தெரியுது. எங்க போனாலும் அந்த மொகம், அந்தச் சிரிப்பு, நேரா என்னைய. நிறுத்துங்க பாய்னு கத்திட்டேன். பக்கத்துக் கடையில இருந்து எட்டிப் பாத்தாங்க.

பாய் பதறிட்டாரு. "ஒண்ணுமில்லக்கா, இது அட்டை மாதிரி. ஒரே பக்கந்தான் இருக்கும். பக்கவாட்டுல பாத்தாக் கோடாத் தெரிஞ்சிருமேன்னு, நாம எங்க நிக்கிறமோ அங்க திரும்புற மாதிரி வச்சிருக்காங்க. ஆளுங்க படம் எல்லாமே அப்பிடித்தான். முதுகே கெடையாது"ன்னாரு. பழைய கம்ப்யூட்டர்லயும் திரும்பிட்டுதான் இருந்திருக்கா. அது நகர்றதுக்குள்ள நாம கொட்டாவி விட்டதுல அவ திரும்புறது தெரியல.

முதுகே கெடையாதாம்மா அவளுக்கு. வலிக்கிற முதுகு அம்புட்டும் எனக்கு.

"யாருக்கா இது, உங்க தங்கச்சியா?"ன்னு கேட்டாரு பாய். அப்பத்தான் நல்லாப் பாத்தேன். சின்னப் பிள்ளைம்மா அவ. நரை விழுகுறதுக்கு முன்னால போனவ. நான் அக்கா, அக்கான்னு சூடம் காட்டிக் காட்டி, எனக்கு இப்பக் காதோரம் வெளுத்துப் போச்சு. அவ அப்பிடியே நிக்கிறா.

"இந்த ஆள் படம் தனியாப் பழைய டிஸ்க்லதான் கெடக்கு, இதையும் புதுசுல ஏத்திரவா, விட்டுரவாக்கா?"ன்னாரு பாய். விட்டுருங்கன்னு வாய் வரைக்கும் வந்துருச்சு. எத்தனை நாள் ஆசை! ஆனா அவுக பொருளாச்சே, பின்னால மனுசன் ஒடிஞ்சு போயிருவாரே, ஒரு வார்த்தை கேட்டுருவோம்னு போன் போட்டேன். சைட்ல மிக்சர் மெசினு கடகடன்னு ஓடுது. கோமதி படத்த என்ன பண்ணன்னு கேட்டேன். எந்தப் படம்னாக. கோமதிங்க, வாசல்ல நிக்குமே, அந்தப் படம்னேன்.

"அட, அது கெடக்கு, விட்டுரு. ஆள் படமா இல்ல? நெட்ல ஆயிரம் கெடைக்கும். கோட்டுப் போட்டவன், நாயப் பிடிச்சிட்டுப் போறவ, எல்லாம் இருக்கு."

இல்லங்க, கோமதிங்கன்னேன் மறுபடியும். சரியாக் கேக்கலையோன்னு.

"அளவுக்கு வச்சதுதானடி அது. அன்னிக்குக் கைக்குக் கெடைச்சது அந்தப் படம். பெறகு மாத்தச் சோம்பேறித்தனம். நீ ராம் சரியாப் போடுறானான்னு பாரு. அதான் நீ நிக்கப் போறேல்ல?"ன்னு சிரிச்சாக. யாரையோ பாத்து, "ஏய், கலவை தண்ணியாப் போகுது பாரு"ன்னு கத்திட்டு வச்சுட்டாக.

நான் ஜெயிச்சுட்டேன்மா. இத்தனை வருசச் சண்டையில ஜெயிச்சுட்டேன். ஆனா ஜெயிச்ச சந்தோசமே இல்ல. மறக்க முடியாம வச்சிருக்காகன்னுல நெனச்சேன்! அந்த மனுசன் தெனம் அவ மூஞ்சிய ஸ்கிரீன்ல வச்சுக்கிட்டு அவளப் பாக்கவே இல்ல. கதவு உசரத்தத்தான் பாத்திருக்காரு. இந்த வீட்டுல அவள நெனச்சது யாரு? நாந்தான். கும்பிட்டது நான், வஞ்சது நான், பயந்தது நான். நான் இல்லேன்னா அவ எப்பவோ செத்துப் போயிருப்பா.

நாளைக்கு நான் போனேன்னு வையி. அடுத்த கம்ப்யூட்டரு வரும். கத்திரிப்பூ பட்டா, அது அளவுக்கு வச்சது, விட்டுருன்னு சொல்லிருவாக. சொல்ல மாட்டாகளா? அவளுக்குச் சொன்ன வாயி தானம்மா?

பாயக் கூப்பிட்டேன். அந்தப் பொண்ணையும் புதுசுல ஏத்துங்கன்னேன். என் போன்ல என் படம் இருந்துச்சு, அதையும் குடுத்து, அடுப்படியில அவ பக்கத்துல என்னையும் நிப்பாட்டுங்கன்னேன். நிப்பாட்டுனாரு. தொங்கல. மேடையோரத்துல அவ குட்டையா, நான் நெட்டையா, ரெண்டு பேரும் பாயவும் என்னையவும் பாத்துக்கிட்டு நிக்கிறோம். ராம் இப்போதைக்கு ஒண்ணு போதும்க்கா, இன்னொரு எடம் காலியாக் கெடக்கட்டும், பின்னால பாத்துக்கலாம்னாரு பாய். வேணாம், லைட் எரியுற கேபினட்ட எடுத்துட்டுத் தகரத்தப் போடுங்க, அந்தக் காசுக்கு ரெண்டாவதையும் இப்பவே மாட்டுங்கன்னேன். ரெண்டு பேரு நிக்கணும்ல, நெருக்கக் கூடாதுல்ல.

இன்னிக்கு வீட்டுக்குப் போனதும் வழக்கப்படி இதையும் அவ படத்துக்கு முன்னால வைக்கணும். வைப்பேன். ஆனா "நீ கட்டிட்டுக் குடு"ன்னு கேக்க மாட்டேன். சேந்து இருப்போம்டின்னு சொல்லுவேன். அக்கான்னு இனிமே எப்படிக் கூப்பிட? அடுப்பு மேடைய ஒசத்துறத மட்டும் விட மாட்டேன். அது வேற.

எனக்கும் இனி அங்க முதுகு கெடையாதும்மா. நான் போனதுக்கு அப்புறம் எவளாச்சும் வருவா, அந்த நாற்காலியில உக்காருவா, இந்த வீட்டத் தொறப்பா. எந்தப் பக்கமா உள்ள வந்தாலும் நாங்க ரெண்டு பேரும் திரும்பி அவளப் பாப்போம்.

அடடே, கிருஷ்ணன்கோவில் தாண்டி எம்புட்டு நேரமாச்சு, கோபுரம் தெரியுது பாரு. நான் எந்திரிக்கிறேன், நீ டப்பாவத் தூக்கி என் கையில குடு. மெதுவா, தாயி. சாச்சுறாத. உள்ள ஆளு இருக்கு.